வாய் சொல்லும் விசுவாசம் நம்முடையதாவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திடப்படுத்தல் (குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் வளர்ந்தபின் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கை செய்கிற சடங்கு) வகுப்பு எடுக்கிறவன் என்பதால் என்னிடம் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேட்கிறவர்கள் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் இல்லை. அவர்களைக் கொண்டுவந்து விடுகிற அம்மா அப்பாக்களும் கேட்கிறார்கள், பாடகர் குழுவில் பல வருஷம் நின்றவர்களும் ஆராதனை முடிந்ததும் ஒதுங்கி வந்து கேட்கிறார்கள். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரன், அதனால் உதாரணங்கள் அந்தப் பக்கமே சாயும். கத்தோலிக்க, லுத்தரன், பெந்தெகொஸ்தே நண்பர்கள் அவரவர் வழக்கத்துக்கு மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்கிற விசுவாச அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தைச் சின்ன வயதிலிருந்து சொல்கிறேன். 'வானத்தையும் பூமியையும் படைத்த' என்று ஆரம்பித்தால் 'ஆமென்' வரை நாக்கு தானாக ஓடிவிடுகிறது. உள்ளே ஒன்றும் நடப்பதில்லை. நான் பொய் சொல்கிறேனா?

பொய் இல்லை. கேள்வி கேட்கப்பட்டதை மறந்துவிட்டுப் பதிலை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இந்தப் பிரமாணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். ஆதி நூற்றாண்டுகளில் ரோமாபுரிச் சபையில் ஞானஸ்நானம் பெறுகிறவரைத் தண்ணீரில் நிறுத்தி, பிதாவாகிய தேவனை விசுவாசிக்கிறாயா என்று கேட்பார்கள். "விசுவாசிக்கிறேன்" என்றதும் ஒரு முழுக்கு. அப்புறம் குமாரனைப் பற்றிக் கேள்வி, பதில், இன்னொரு முழுக்கு. பிறகு பரிசுத்த ஆவியானவரைப் பற்றி. மூன்று கேள்வி, மூன்று பதில். அந்தப் பதில்கள்தான் காலப்போக்கில் கோவையாகி இன்று நாம் ஒரே மூச்சில் சொல்கிற பிரமாணமாக வளர்ந்தன. பதில் சொன்னவர் ஈரத்தோடு நின்றுகொண்டு, தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்ட ஒருவரைப் பார்த்துச் சொன்னார். சில காலங்களில் அந்தப் பதிலுக்காகவே உயிரும் போயிருக்கிறது.

நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது நாம் கைக்குழந்தை. ஞானப்பெற்றோர் நமக்காகப் பதில் சொன்னார்கள். திடப்படுத்தலில் பேராயர் முன்னால் நிற்கும்போதுதான் நம் வாயால் சொல்ல வேண்டியது வருகிறது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு நம் கவனமெல்லாம் வெள்ளைச் சட்டையிலும் மத்தியானப் பிரியாணியிலும் இருந்தது. சரி, போகட்டும். அந்தக் கேள்வி இன்னும் காலாவதியாகவில்லை. அடுத்த ஞாயிறு பிரமாணம் சொல்ல எழுந்து நிற்கும்போது, முதல் வரிக்கு முன்னால் உங்கள் பெயரைச் சொல்லி "நீ விசுவாசிக்கிறாயா?" என்று ஒருவர் கேட்டதாக மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ஒரு வரிக்காவது வேகம் குறையும். அது போதும், முழுப் பிரமாணத்தையும் முதல் நாளிலேயே பிடிக்கப் பார்க்காதீர்கள்.

அப்படியானால் மனப்பாட ஜெபங்களை விட்டுவிடலாமா? 'வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்' என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே?

சொன்னார், மத்தேயு 6:7-ல். இரண்டு வசனம் தள்ளி 9-ம் வசனத்தில் என்ன செய்தார் என்று பாருங்கள். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று ஒரு ஜெபத்தை வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார். அவர் கண்டித்தது, நிறையப் பேசினால் கேட்கப்படும் என்கிற கணக்கை. மனப்பாடத்தை இல்லை.

இன்னும் ஒன்று. சிலுவையில் அவர் சொன்ன "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22-ம் சங்கீதத்தின் முதல் வரி. "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது 31-ம் சங்கீதம். உயிர் போகிற நேரத்தில் அவர் வாயில் வந்தவை சின்ன வயதில் ஜெப ஆலயத்தில் கேட்டுப் பழகிய வரிகள். மனப்பாடம் ஆழமில்லாத விசுவாசத்தின் அடையாளம் என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்கு இந்த இடம்தான் ஞாபகம் வரும்.

நடைமுறையிலும் பாருங்கள். ஐ.சி.யூ. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ராத்திரி இரண்டு மணிக்குச் சொந்த வார்த்தையில் ஜெபிக்க எத்தனை பேருக்கு வரும்? 23-ம் சங்கீதம் வரும். பிள்ளைகளின் பெயர் மறந்துபோன பாட்டிகள் கூட "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று எடுத்துக் கொடுத்தால் "நான் தாழ்ச்சியடையேன்" என்று முடிப்பதைப் பலர் வீட்டில் பார்த்திருப்பீர்கள். மனப்பாடம் செய்யுங்கள், செய்யவையுங்கள். அதோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

'தனிப்பட்ட விசுவாசம்' என்கிறார்களே, அது என்ன? கண்ணீரோடு ஜெபிப்பதா? அந்நியபாஷையா?

கண்ணீர் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. சினிமாவுக்கும் அழுகிறவர்கள் இருக்கிறார்கள், அப்பா இறந்தபோதும் அழாதவர்கள் இருக்கிறார்கள். இதை வைத்து விசுவாசத்தை அளக்கவே முடியாது. கீபோர்டும் விளக்கும் சரியாக அமைந்தால் யாருக்கும் உடம்பு சிலிர்க்கும், அது தப்பில்லை, ஆனால் அது மட்டும் போதாது.

யாக்கோபு தன் நிருபத்தில் கொஞ்சம் குத்தலாகவே எழுதினார்: "தேவன் ஒருவர் உண்டென்று விசுவாசிக்கிறாய், அப்படிச் செய்கிறது நல்லதுதான், பிசாசுகளும் விசுவாசித்து, நடுங்குகின்றன." அதாவது தகவல் சரியாக இருக்கிறது, உணர்ச்சியும் இருக்கிறது (நடுங்குகின்றனவே!), இன்னும் எதுவோ இல்லை. அந்த 'எதுவோ' என்ன என்பதை 1563-ல் ஜெர்மனியில் எழுதப்பட்ட ஹைடல்பெர்க் ஞானோபதேசம் (விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கிற புத்தகம்) 21-ம் கேள்வியில் நேராகச் சொல்கிறது. மெய்யான விசுவாசம் என்பது அறிவும் நம்பி ஒப்படைப்பதும் சேர்ந்தது. பாவமன்னிப்பு மற்றவர்களுக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை, எனக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று நம்புவது. அந்த 'எனக்கும்' இல்லாமல் மீதி எல்லாம் இருந்தால் யாக்கோபு சொன்ன கூட்டத்தில்தான் சேரும்.

ஜெர்மனியின் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் இதை இன்னும் கீழே இறக்கிக் காட்டியிருக்கிறார். தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்க் ஆரம்பத்திலேயே தமிழுக்குக் கொண்டுவந்தவற்றில் இதுவும் ஒன்று, ஆகவே நம் ஊருக்கு இது புதிது இல்லை. பிரமாணத்தின் முதல் பகுதியைச் சொல்லிவிட்டு 'இதன் அர்த்தம் என்ன?' என்று கேட்கிறார். வானம், பூமி, நட்சத்திரம் என்று பதில் வரும் என்று நாம் எதிர்பார்ப்போம். அவர் பதில்: தேவன் என்னைப் படைத்தார். எனக்கு உடலும் ஆத்துமாவும், கண்ணும் காதும் கொடுத்தார். உடையும் செருப்பும், சாப்பாடும் குடிக்கிறதும், வீடு, மனைவி, பிள்ளைகள், நிலம், மாடு என்று பட்டியல் போகிறது. செருப்பு! சர்வத்துக்கும் வல்ல பிதாவைப் பற்றிய விளக்கத்தில் செருப்பு வருகிறது.

வகுப்பில் நான் இதை வீட்டுப்பாடமாகக் கொடுப்பதுண்டு. லூத்தர் பட்டியலை எடுத்துவிட்டு உங்கள் பட்டியலைப் போடுங்கள். ஒரு பெரியவர் எழுதினால் இப்படி வரலாம்: சர்க்கரை ஏறிப்போன இந்த உடம்பு, கூட்டுறவு வங்கிக் கடன் பாதி அடைந்த இந்த வீடு, சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திவிட்ட தம்பி, டி.வி.எஸ். எக்ஸ்.எல்., காலையில் வாசல் தெளிக்கிற மனைவி. இவற்றைக் கொடுத்து, இதுவரை காத்து வைத்திருக்கிற பிதாவை விசுவாசிக்கிறேன். தம்பி பெயரில் வந்து பேனா நிற்கும். அந்த நின்ற இடத்தில்தான் விசுவாசம் சொந்தமாக ஆரம்பிக்கிறது, ஏனென்றால் அங்கே ஒப்பிக்க முடியாது.

எனக்கு 'ரட்சிக்கப்பட்ட தேதி' இல்லை. சாட்சி சொல்லக் கூப்பிட்டால் பயமாக இருக்கிறது.

தேதி உள்ளவர்களில் பிரபலமானவர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெரு, ராத்திரி ஒன்பதுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது. யாரோ லூத்தர் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையைப் படித்துக்கொண்டிருக்க, தன் உள்ளம் விநோதமாய்க் கதகதப்பானதாகவும், கிறிஸ்து தன் பாவங்களை, தன்னுடைய பாவங்களையே, நீக்கினார் என்கிற நிச்சயம் கிடைத்ததாகவும் நாட்குறிப்பில் எழுதினார். அப்போது அவர் குருவானவராகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது, அமெரிக்காவில் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகப் போய்த் திரும்பியும் விட்டார். ஆகவே ஊழியத்தில் இருக்கிறவர்களுக்கும் இந்தக் கேள்வி வரும், தைரியமாக இருங்கள்.

மேடைகளில் கதை இங்கே முடிந்துவிடும். அதே வெஸ்லி 1739 ஜனவரி 4-ம் தேதி, அதாவது எட்டு மாதம் கூட ஆகாத நிலையில், தான் இப்போது கிறிஸ்தவனே இல்லை என்று அதே நாட்குறிப்பில் எழுதினார். அதை யாரும் சொல்வதில்லை. தேதி கிடைத்தவருக்கும் நிலைமை அப்படித்தான்.

தேதி இல்லாதவர்களுக்குத் தீமோத்தேயு இருக்கிறார். பவுல் அவருக்கு எழுதும்போது அந்த விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளுக்குள்ளும் தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்தது என்கிறார். எந்த நாள், எந்தக் கூட்டம் என்று பேச்சே இல்லை. பேதுருவுக்குத் தேதி கேட்டால் எதைச் சொல்வார்? வலையை விட்ட நாளா, செசரியா பிலிப்பியில் "நீர் ஜீவனுள்ள தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து" என்று சொன்ன நாளா, சேவல் கூவிய ராத்திரியா, கரையில் மீன் சுட்ட காலையா? சாட்சி சொல்லக் கூப்பிட்டால் போன மாதம் நடந்ததைச் சொல்லுங்கள். "குடித்தேன், வெறித்தேன், ஒருநாள்" என்கிற அச்சில்தான் சாட்சி இருக்க வேண்டும் என்று எந்த வசனமும் இல்லை.

சரி, நடைமுறையில் எங்கே ஆரம்பிப்பது? வழி சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் நீளும்.

லூத்தருக்கு முடிவெட்டுகிறவர் ஒருவர் இருந்தார், விட்டன்பெர்க் ஊர்க்காரர், பேதுரு என்று பெயர். எப்படி ஜெபிப்பது என்று அவர் கேட்டதற்கு 1535-ல் லூத்தர் நீண்ட பதில் ஒன்றை எழுதி அச்சிட்டே கொடுத்தார். அதில் சொல்கிறார்: நல்ல நாவிதன் கண்ணையும் மனதையும் கத்தியிலும் தலைமுடியிலும் வைக்க வேண்டும், எவ்வளவு வெட்டினோம் என்று தெரிய வேண்டும், ஊர்க்கதை பேசிக்கொண்டே வெட்டினால் மூக்கோ கழுத்தோ போய்விடும். வேலைக்கே இப்படி என்றால் ஜெபத்துக்கு எவ்வளவு வேண்டும்? பரமண்டல ஜெபத்தைப் போல உலகத்தில் சித்திரவதைப்பட்ட இரத்தசாட்சி வேறு இல்லை என்றும் அதில் எழுதியிருக்கிறார். எல்லோரும் அதைப் போட்டு வதைக்கிறோம் என்பது அவர் வருத்தம். நம் ஊரில் கூட்டம் கலைகிற நேரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டே அந்த ஜெபம் சொல்லப்படுவதை அவர் பார்த்ததில்லை.

அவர் சொன்ன முறை இதுதான். ஒரு வரியை எடுத்துக்கொள். அதை நாலு புரிக் கயிறாகத் திரி. முதலில் இது எனக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது. அப்புறம் இதற்காக எதற்கு நன்றி சொல்லலாம். மூன்றாவது, இதில் நான் எங்கே தவறினேன். கடைசியாக, இப்போது என்ன கேட்கிறேன்.

"எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்கிற வரியை வைத்துச் செய்து பார்ப்போம். கற்றுக்கொடுப்பது: இன்றைக்கு உள்ளதைத்தான் கேட்கச் சொல்கிறார், பத்து வருஷத்துக்கு இல்லை. நன்றி: ரேஷன் அரிசியோ பொன்னி அரிசியோ, நேற்று ராத்திரி நாங்கள் யாரும் பட்டினியாகப் படுக்கவில்லை. அறிக்கை: வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குப் போன மாதச் சம்பளத்தைப் பத்து நாள் தள்ளிக் கொடுத்தேன், 'எங்களுக்கு' என்கிறதில் அவள் வீட்டுச் சோறும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. விண்ணப்பம்: கடை வியாபாரம் படுத்துக் கிடக்கிறது, இந்த வாரம் ஏதாவது ஒரு வழி திறவும், அப்படியே அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்கிற மனதையும் தாரும்.

அவ்வளவுதான். ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் இந்த ஜெபத்தை உங்களைத் தவிர யாரும் ஜெபித்திருக்க முடியாது. வார்த்தைகள் இயேசு கொடுத்தவை, விஷயம் உங்களுடையது.

"எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" வரியை முதல் வாரத்திலேயே எடுக்காதீர்கள் என்பது என் சொந்த ஆலோசனை. அதில் ஒரு பெயர் வந்து நிற்கும், அதைத் தாண்டிப் போக மாதக்கணக்காகலாம். லூத்தரே சொல்கிறார், ஒரு வரியில் நல்ல எண்ணங்கள் பெருகி வந்தால் மற்ற வரிகளை விட்டுவிட்டு அங்கேயே நில் என்று. முழு ஜெபத்தையும் முடித்தே ஆக வேண்டும் என்கிற ஒப்பிக்கும் புத்தி நமக்கு ஆழமாக ஊறியிருக்கிறது, அதை உடைக்க இந்த அனுமதி தேவை.

அந்தப் பேதுருவைப் பற்றி ஒரு சோகம். அதே 1535-ல் குடும்ப விருந்தொன்றில் தன் மகளின் கணவரைக் குத்திக் கொன்றுவிட்டார். லூத்தரும் மற்றவர்களும் பரிந்து பேச, உயிர் தப்பி நாடு கடத்தப்பட்டார். ஜெப முறை கையில் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்வது நல்லது.

சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தால் எனக்குப் போதகர் பாணிதான் வருகிறது. 'அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் நல்ல பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம்.' இது போலியாகப் படுகிறது.

சபையில் எல்லோர் சார்பிலும் ஜெபிக்கும்போது அந்த நடைக்கு ஒரு மரியாதை உண்டு. அறைக்குள் தனியாக இருக்கும்போது அது உங்களை மறைக்கிற திரையாகிவிட்டால் கழற்றி வையுங்கள். "அப்பா, தம்பி வேலைக்குப் போக மாட்டேங்கிறான், எனக்குப் பயமா இருக்கு" என்று ஆரம்பித்தால் பரலோகத்தில் யாரும் இலக்கணம் பார்க்கப்போவதில்லை.

23-ம் சங்கீதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் மூன்று வசனமும் தேவனைப் பற்றிப் பேசுகின்றன. அவர் மேய்க்கிறார், நடத்துகிறார், தேற்றுகிறார். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் தாவீது அவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு அவரிடம் பேச ஆரம்பிக்கிறார்: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்." யாரும் அவருக்கு ஜெப வகுப்பு எடுக்கவில்லை, பள்ளத்தாக்கே திருப்பிவிட்டது.

ஆறு மாதமாக முயற்சி செய்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. சில நாள் தேவன் இருக்கிறாரா என்றே சந்தேகம். இதை வெளியே சொல்ல முடியவில்லை.

என்னிடம் சொன்னீர்களே, நல்லது. அவரிடமும் சொல்லுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ம் சங்கீதமே ஆரம்பிக்கிறது. 88-ம் சங்கீதம் இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது, கடைசியில் ஆறுதலாக ஒரு வரி கூடச் சேர்க்கவில்லை. அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள். பிள்ளைக்காக வந்த தகப்பன் "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறினான், அந்தப் பாதி விசுவாசத்துக்கே பிள்ளை சுகமானான்.

அன்னை தெரசா 1997-ல் இறந்து பத்து வருஷம் கழித்து அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோது பலர் அதிர்ந்தார்கள். பல பத்தாண்டுகள் தேவனுடைய சமுகத்தை உணராமலே இருந்ததாகத் தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதியிருந்தார். அந்த வருஷங்களில்தான் கல்கத்தா தெருவில் கிடந்தவர்களைத் தூக்கி வந்து கழுவினார். உணர்வு வருகிற வரை காத்திருந்திருந்தால் ஒருவரும் கழுவப்பட்டிருக்க மாட்டார்.

தோமாவை நாம் 'சந்தேகத் தோமா' என்று ஒதுக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. சென்னையில் பரங்கிமலையும் சாந்தோமும் அவர் பெயரில்தான் நிற்கின்றன, நம் மண்ணுக்கு வந்து மயிலாப்பூரில் மரித்தார் என்பது பாரம்பரியம். இயேசு உயிர்த்தெழுந்த பிறகு மற்றப் பத்துச் சீஷர்களும் "கர்த்தரைக் கண்டோம்" என்றபோது அவர்கள் சொன்னதைத் தன் வாயில் வாங்கிக்கொள்ள அவர் மறுத்தார். ஆனாலும் அந்தக் கூட்டத்தை விட்டுப் போகவில்லை, எட்டு நாள் கழித்தும் அதே அறையில் இருந்தார். இயேசு வந்து கடிந்துகொண்டார், அதே மூச்சில் கையையும் நீட்டினார். அப்போது வந்ததுதான் "என் ஆண்டவரே! என் தேவனே!" நாலு சுவிசேஷத்திலும் இதைவிடச் சொந்தமான அறிக்கை இல்லை.

வருஷப்பிறப்பு ராத்திரி எடுக்கிற வாக்குத்தத்த அட்டை (ஒரு வேதவசனம் அச்சிட்ட சீட்டு) எனக்கென்றே வருகிறதே. அது தனிப்பட்டதுதானே?

எடுங்கள், பிரிட்ஜில் ஒட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதன் முன்னும் பின்னும் உள்ள வசனங்களைப் படிக்காமல் ஒட்டாதீர்கள். எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே", இது வராத வருஷமே இல்லை. அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் ஆகும் என்று வருகிறது. அதற்கு மேலே 7-ம் வசனத்தில், உங்களைச் சிறைப்படுத்திய அந்த ஊருக்காகவே ஜெபியுங்கள் என்று வருகிறது. இதையெல்லாம் சேர்த்து 'எனக்கு' என்று எடுத்துக்கொள்கிறவர் அந்த வசனத்தை நிஜமாகவே எடுத்துக்கொண்டார். விசா கிடைக்கும் என்பதற்கு அத்தாட்சியாக எடுப்பவர் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பையன் பதினொன்றாம் வகுப்பு. குடும்ப ஜெபத்துக்கு உட்காரமாட்டேன் என்கிறான், 'தினமும் அதையேதானே சொல்றீங்க' என்கிறான். என்ன செய்ய?

அவன் சொல்வது உண்மையா என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் உண்மைதான். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், அப்பா ஜெபம், பரமண்டல ஜெபம், சாப்பாடு. இடையில் அவனிடம் கேட்கப்படும் ஒரே கேள்வி "வசனம் சொல்லு".

யாத்திராகமம் 12-ல் பஸ்காவை ஏற்படுத்தும்போது, பிள்ளைகள் 'இந்த ஆராதனையின் கருத்து என்ன' என்று கேட்டால் பதில் சொல்லுங்கள் என்று இருக்கிறது. கேட்கிறவர்கள் பிள்ளைகள், பதில் சொல்ல வேண்டியவர்கள் பெரியவர்கள். நாம் அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். ஒருநாள் அவனைக் கேட்கவிடுங்கள். நோவா பேழையில் டைனோசர் எங்கே என்பதில் ஆரம்பித்து, தாத்தாவுக்குப் புற்றுநோய் ஏன் வந்தது என்பது வரை போகும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், வீடு இடிந்துவிடாது.

இன்னொன்று, அவன் எதிரில் உங்கள் சொந்த விஷயத்தை ஒருநாளாவது ஜெபியுங்கள். "ஆண்டவரே, ஆபீசில் இன்றைக்கு ஒருவரை எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன், மன்னியும்" என்று அப்பா சொல்வதைக் கேட்ட பிள்ளை அதை மறக்காது. கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்துவிட்டு வந்து சொன்ன பெண்ணிடம் சமாரியா ஊரார் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்: உன் சொல்லினிமித்தம் அல்ல, நாங்களே கேட்டு விசுவாசிக்கிறோம். அவள் பேச்சில்தான் அவர்கள் கிணற்றடிக்கு வந்தார்கள், அப்புறம் அவளைத் தாண்டிப் போனார்கள். பிள்ளைகள் நம்மைத் தாண்டிப் போக வேண்டும். கட்டாயப்படுத்தி உட்காரவைப்பதா, விட்டுவிடுவதா என்றால், சாப்பாட்டுக்கு உட்காருவதுபோல உட்காரச் சொல்லுங்கள், வாயைத் திறக்கச் சொல்லாதீர்கள் என்பேன்.

தனிப்பட்ட உறவு இருந்தால் சபைக்கு எதற்குப் போக வேண்டும்? யூடியூபில் நல்ல செய்திகள் இருக்கின்றனவே.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் 'எங்கள்' என்றுதான் இருக்கிறது, 325-ல் நிசேயாவில் சங்கமாகக் கூடிய பேராயர்கள் எழுதிய பிரமாணமும் 'விசுவாசிக்கிறோம்' என்றுதான். உங்களுக்குச் சொல்ல வாய் வராத ஞாயிற்றுக்கிழமையில் பக்கத்து பெஞ்சுக்காரர் உங்களுக்காகவும் சேர்த்துச் சொல்கிறார். திமிர்வாதக்காரனைக் கூரை வழியாக இறக்கிய நாலு பேரை நினைத்துக்கொள்ளுங்கள், "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் மாற்கு எழுதுகிறார். யூடியூப் உங்களைக் கட்டிலோடு தூக்காது.

என் விசுவாசம் சொந்தமாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உள்ளே தோண்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியாது, பைத்தியம்தான் பிடிக்கும். வெளியே பாருங்கள். வரி வசூலிப்பவரான சகேயு அறிக்கை செய்தபோது தொகையைச் சொன்னார்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியிருந்தால் நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன். அப்போதுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்றார் இயேசு.

நம் ஊருக்கென்று ஒரு சோதனை இருக்கிறது, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமை "பரிசுத்தவான்களுடைய ஐக்கியத்தை விசுவாசிக்கிறேன்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்கிறோம். மகளுக்கு வரன் தேடும்போது மேட்ரிமோனியில் 'கிறிஸ்தவர்' என்பதற்குக் கீழே இருக்கிற சாதிக் கட்டத்தில் என்ன நிரப்புகிறோம்? சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட நடுவே சுவர் உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்பும்போது கை நிற்கிறதென்றால் பிரமாணம் உள்ளே இறங்க ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம்.

தினமும் எவ்வளவு நேரம்? காலையிலா, ராத்திரியிலா?

முடிவெட்டுகிற பேதுருவுக்கு லூத்தர் சொன்னது: காலையில் முதல் வேலையாக, ராத்திரி கடைசி வேலையாக. 'கொஞ்சம் பொறு, ஒரு மணி நேரத்தில் ஜெபிக்கிறேன், அதற்குள் இதை முடித்துவிடுகிறேன்' என்று வருகிற நினைப்பை நம்பாதே என்றும் சொன்னார். நேரக் கணக்கு வைக்காதீர்கள். ஷிப்ட் வேலைக்காரர்கள் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தால் அங்கே செய்யலாம். கைக்குழந்தை உள்ளவர்கள் பால் கொடுக்கும்போது. ஒரு நாளைக்கு ஒரு வரி, பரமண்டல ஜெபத்திலிருந்து. தவறிப்போன நாளுக்கு மறுநாள் இரண்டு வரி என்று கணக்குத் தீர்க்க வேண்டாம், விட்ட வரியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.